உங்க வீட்டுல ஒரு 'கம்ப்யூட்டர் கிறுக்கு' இருக்கா?

"மிக்ஸி நின்னுபோச்சுன்னா மெக்கானிக்கைக் கூப்பிட விடமாட்டேங்கிறான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு நடுக்கூடத்துல உட்கார்ந்துடறான். மூடும்போது நாலு ஸ்க்ரூ மிச்சமாகுது!"

"சொந்தக்காரங்க வந்தா 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை வராது. ஆனா 'தம்பி, என் லேப்டாப் மெதுவா ஓடுது'ன்னு யாராவது சொல்லட்டும்... மூணு மணி நேரம் அவங்களை விடமாட்டான்."

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து பார்த்தா அவ ரூம்ல வெளிச்சம். கருப்பு ஸ்கிரீன்ல பச்சைப் பச்சையா என்னமோ எழுதிக்கிட்டிருக்கா. பத்தாவது படிக்கிற பொண்ணு செய்யற வேலையா இது?"

எங்கள் வேங்கிக்காலில் இந்தப் புலம்பல் புதுசு இல்லை. மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் இங்கேதான். ஆபீசுக்குப் போகிற அப்பா, ஸ்கூலுக்குப் போகிற அம்மா, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு செல்போன் என்று வாழ்கிற குடும்பங்கள். பௌர்ணமி கிரிவலத்தில் பக்கத்தில் நடக்கிற இரண்டு அம்மாக்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி தூரம் முழங்கால் வலி, மீதி தூரம் பிள்ளைகளின் கம்ப்யூட்டர்!

கடைசியில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "இது வியாதியா? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் திட்டு வாங்குவது தப்பான பிள்ளை. பாராட்டு வாங்குவதும் தப்பான பிள்ளை!

மிக்ஸியைக் கழற்றுகிறவன் 'வாலு'. சோபாவில் சத்தமே இல்லாமல் படுத்துக்கொண்டு, செல்போனில் குட்டிக் குட்டி வீடியோக்களை மூன்று மணி நேரம் தள்ளிக்கொண்டே இருக்கிறவன் 'சமத்து'. இருக்கிற இடமே தெரியாது என்று பெருமை வேறு. கவலைப்பட வேண்டியது யாரைப் பற்றி என்று யோசித்துப் பாருங்கள்.

வசவாக வந்த வார்த்தை

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் 'கீக்' என்று பெயர். ஆரம்பத்தில் அது நல்ல வார்த்தையே கிடையாது. முட்டாள் என்ற அர்த்தத்தில் புழங்கியது. அமெரிக்காவில் ஒரு காலத்தில், திருவிழாக் கூடாரங்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவர்களை அப்படி அழைத்தார்கள். அதே வார்த்தையை 2013ல் காலின்ஸ் அகராதிக்காரர்கள் அந்த வருடத்தின் சிறந்த வார்த்தையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் உலகம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊரில் 'கிறுக்கு' என்கிறோம். பாட்டுக் கிறுக்கு, கிரிக்கெட் கிறுக்கு மாதிரி இது கம்ப்யூட்டர் கிறுக்கு. திட்டும் இருக்கிறது, செல்லமும் இருக்கிறது. நல்ல வார்த்தைதான்!

விளையும் பயிர்

முளையில் தெரிகிற அடையாளங்கள் என்ன? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே அவை தெரிய ஆரம்பித்துவிடும்.

பொம்மைக் காரை ஓட்டுவதைவிட அதன் வயிற்றைப் பிளந்து பார்ப்பதில் ஆசை. 'ஏன்?' என்பதைவிட 'எப்படி?' என்று அதிகம் கேட்பது. புது ஃபேன் வாங்கினால் அட்டைப்பெட்டியில் இருக்கிற குறிப்புப் புத்தகத்தை முதலில் எடுத்துப் படிப்பது. பஸ் நம்பர், போன் நம்பர், ரயில் நேரம் எல்லாம் தலைகீழாகத் தெரிவது. பெரியவர்கள் தப்பாகச் சொன்னால், சபை என்றும் பார்க்காமல், 'அது அப்படி இல்லை மாமா' என்று திருத்துவது. தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவதைக்கூட கவனிக்காமல் பேசிக்கொண்டே இருப்பது.

படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது!

நியூயார்க்கில் 1906ல் கிரேஸ் என்று ஒரு பெண் பிறந்தாள். ஏழு வயதில் அவளுக்கு ஒரு சந்தேகம். அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது? ஒன்றைக் கழற்றினாள். புரியவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டாள். அம்மா வந்து பார்த்தார். நம் வீடாக இருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? 'இனிமேல் ஒரே ஒரு கடிகாரம். அதோடு நிறுத்திக்கொள்!'

அந்தச் சிறுமிதான் கிரேஸ் ஹாப்பர். மனிதர்கள் எழுதுகிற பாஷையைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் 'கம்பைலர்' என்பதை 1952ல் உருவாக்கிக் காட்டியவர். பாங்குகள் காலம் காலமாக நம்பியிருந்த 'கோபால்' என்ற கம்ப்யூட்டர் மொழி, 1959ல் அவருடைய வேலையை அடிப்படையாக வைத்துத்தான் பிறந்தது. அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரலாக உயர்ந்து, 1986ல் 79 வயதில் ஓய்வு பெற்றார்.

எனக்குப் பெரிய ஆளாகத் தெரிவது அந்த அம்மாதான். தடுக்கவும் இல்லை, அவிழ்த்து விடவும் இல்லை. அளவு வைத்தார். 'ஒரு கடிகாரம்.' பிள்ளை வளர்ப்பில் இதற்கு மேல் ஒரு சூத்திரம் வேண்டுமா?

கிறுக்கா, போதையா?

"அது சரி, என் பையன் கிறுக்கா, இல்லை போன் போதையில் கிடக்கிறானா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நியாயமான கேள்வி. இரண்டு பேரும் ஸ்கிரீன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். கிட்டே போய் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, சாயந்திரம் முழுக்க உட்கார்ந்து எழுந்தபின் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா? ஒரு குட்டி கேம், ஒரு படம், ஓடாத புரோகிராமில் கண்டுபிடித்த ஒரு தப்பு... எதுவானாலும் சரி. கிறுக்கு எதையாவது செய்துகொண்டிருக்கும். போதை எதையாவது விழுங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டு, கரண்ட் போனால் என்ன செய்கிறான்? கிறுக்குப் பிள்ளை முணுமுணுத்துவிட்டுப் பேப்பரில் எழுதிப் பார்க்கும், இல்லாவிட்டால் இன்வெர்ட்டரைக் கழற்றலாமா என்று யோசிக்கும்! போதையில் இருக்கிற பிள்ளைக்குக் கை நடுங்கும், கோபம் வரும், சில சமயம் கை நீளும்.

மூன்று, அதைப் பற்றிப் பேசுகிறானா, மறைக்கிறானா? காது புளிக்கும்வரை பேசினால் சந்தோஷப்படுங்கள். நீங்கள் ரூமுக்குள் நுழைந்ததும் ஸ்கிரீன் மாறுகிறது, போன் குப்புறக் கவிழ்கிறது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதை நோய்ப் பட்டியலில் 2019ல் சேர்த்தது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்கிற அடையாளங்களைக் கவனியுங்கள். விளையாட்டை நிறுத்த முடியாமல் கட்டுப்பாடு போவது, சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிப் போவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்த பிறகும் தொடர்வது. சாதாரணமாக இதெல்லாம் 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். லீவில் நாலு நாள் விழுந்து விழுந்து விளையாடினால் அது வியாதி ஆகாது. வருடக்கணக்கில் வாழ்க்கையே சுருங்கிக்கொண்டு போனால் அதை 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடவும் கூடாது.

அப்படித் தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள். வீட்டை விட்டு நகர முடியாவிட்டால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

'ஆட்டிசமா இருக்குமோ?'

இது இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிற பயம். பையன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேங்கிறான், ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்றதும், யாரோ ஒருவர் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஒரு விஷயத்தில் அளவு கடந்த ஆர்வம் இருப்பது மட்டுமே ஆட்டிசம் ஆகிவிடாது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் மிகச் சிறு வயதிலேயே தெரிய ஆரம்பிப்பவை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரலை நீட்டிக் காட்டாதது, பேச்சு தாமதமாவது, வந்த பேச்சு நின்றுபோவது... இவை இருந்தால் 'போகப் போகச் சரியாயிடும்' என்று காத்திருக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் ஆரம்பிக்கிற பயிற்சிக்குப் பலன் அதிகம்.

சில பிள்ளைகளுக்கு லேசாக இருந்து, பெரியவர்களான பிறகுதான் தெரியவும் செய்யும். பில் கேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே யோசிப்பார். அப்பா அம்மாவோடு ஓயாத சண்டை. 12 வயது வாக்கில் அவரை மனநல ஆலோசகரிடமே கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் தன்னை ஆட்டிசம் வகையில் சேர்த்திருப்பார்கள் என்று அவரே 2025ல் வெளியான தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அவர் கதையில் நமக்கு வேண்டியது இன்னொன்று. 1968ல், அவருடைய 13 வயதில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இணைப்பு வந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அந்தப் பள்ளியின் அம்மாக்கள் சங்கம் பழைய சாமான்களை விற்றுச் சேர்த்த காசு! அது எதற்குப் பயன்படும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று கொடுத்தார்கள்.

ஆகவே டாக்டர் தேவையானால் டாக்டர். ஆனால் பட்டம் கட்ட மட்டும் அவசரம் வேண்டாம்.

உடம்பு யாருடையது?

இனி என் கண்டிப்பான பக்கம். கிறுக்குப் பிள்ளையின் மூளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதன் கண், கழுத்து, தூக்கம், வயிறு இந்த நாலைப் பற்றித்தான் கவலை. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது.

கும்பகோணத்து ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கிறுக்கு. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைத் தொடாமல் 1905ல் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1914ல் இங்கிலாந்து போனார். போர்க்காலம். சைவச் சாப்பாட்டுக்குத் தானே சமைக்க வேண்டும். கணக்கில் மூழ்கினால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் காலம் கிடையாது. 1917ல் படுத்தார். 1919ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ல் போய்விட்டார். வயது 32. அவருக்கு வந்த நோய் எது என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும் விளக்கை அணைக்கவும் அங்கே வீட்டு மனிதர் யாரும் இல்லை என்பதில் விவாதமே இல்லை. கிறுக்குக்கு வீடு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கண்: ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சலும் உலர்ச்சியும். 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது, 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை அவசியம். 'எனக்குச் சரியாத் தெரியலை' என்று பிள்ளையே வந்து சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு. பகல் வெளிச்சம்! தைவானில் 2010ல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கும் திட்டம் கொண்டுவந்தார்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்க ஆரம்பித்தது. நமக்கென்ன, வெயிலுக்கா பஞ்சம்? காலையில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை, சாயந்திரம் சைக்கிள். 'வெளியே போய் விளையாடு' என்றால் இந்தப் பிள்ளை போகாது. வேலை கொடுங்கள். 'கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எட்டு லிங்கத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்னு நடந்து அளந்து, கம்ப்யூட்டரில் ஒரு மேப் போட்டுக் காட்டு பார்க்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் செருப்பைத் தேடும்!

கழுத்து: ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். லேப்டாப்புக்கு அடியில் நாலு பழைய டிக்ஷனரியை வைத்து உயர்த்தி, தனியாக ஒரு கீபோர்டை இணைத்தால் போதும். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கிடையாது. பாதம் தரையில் படியட்டும், எட்டாவிட்டால் ஒரு மணை போடுங்கள்.

தூக்கம்: 6 வயது முதல் 12 வயதுவரை தினம் 9 மணி நேரமாவது வேண்டும். அதற்கு மேல் 18 வயதுவரை 8 மணி நேரமாவது. இதில் பேரமே கிடையாது. ராத்திரி கம்ப்யூட்டரும் செல்போனும் கூடத்தில் தூங்கட்டும், பிள்ளை ரூமில் தூங்கட்டும். அப்பாவின் செல்போனும் சேர்த்துத்தான்!

வயிறு: கீபோர்டு பக்கத்தில் தட்டு வைக்காதீர்கள். சிப்ஸ் பாக்கெட் காலியாவது கைக்கே தெரியாது. இன்னொன்று, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். புரோகிராமில் மூழ்கிய பிள்ளை ஒன்றுக்கு, இரண்டுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் அங்கேதான் ஆரம்பம். மேஜையில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் உள்ளே போனால் தானாக எழுந்து நடந்துதானே ஆகவேண்டும்!

ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கு ஸ்கிரீன் கூடாது. இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன அளவு இது. ஒன்றரை வயதில் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது மேதையின் அறிகுறி இல்லை, அம்மா அசந்துபோயிருக்கிறார் என்பதன் அறிகுறி. அம்மாவுக்கு யாராவது அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள்!

பெண் பிள்ளை என்றால்...

பையன் ரேடியோவைக் கழற்றினால் 'எஞ்சினியர் வர்றார்' என்கிறோம். பெண் கழற்றினால்? 'கையைக் காலைக் கெடுத்துக்காதே, போய் சட்னியை அரை!' பையன் ராத்திரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் படிப்பு. பெண் உட்கார்ந்தால் 'யார்கூடப் பேசறே?' என்று சந்தேகம். கிரேஸ் ஹாப்பரின் அம்மா அப்படிக் கேட்டிருந்தால்? உங்கள் வீட்டிலும் அளவு வையுங்கள், தப்பில்லை. ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

பத்தாவது வந்துடுச்சே!

பப்ளிக் பரீட்சை வருடம் வந்ததும் கம்ப்யூட்டரைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிற வீடுகள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மார்க் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உதவித்தொகையை இழந்த ராமானுஜன் வேலைக்காக எத்தனை வாசல்படி ஏறினார் என்று ஊருக்கே தெரியும். எல்லாப் பாடத்தையும் படித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு பிள்ளைக்கு மூச்சுவிடுகிற இடம் ஒன்று இருந்தால், அதை அடைத்துவிட்டுப் படி என்றால் எப்படிப் படிக்கும்? தினம் அரை மணி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி. ஒரு கடிகாரம்!

பணம் வேண்டுமே என்கிறீர்களா? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அண்ணனோ அக்காவோ வாங்கிய ஒன்று உங்கள் பரணிலும் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் தட்டி எழுப்பி 'லினக்ஸ்' போட்டு ஓட்டுகிற வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். லினக்ஸுக்குக் காசு கிடையாது. அதை 1991ல் எழுதிய பின்லாந்து நாட்டு லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது 21 வயது. சுமார் 11 வயதில் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தது யார் தெரியுமா? தாத்தா! அந்தக் குட்டி கம்ப்யூட்டரில் தான் எழுதியதைப் பேரனை விட்டு அடிக்கச் சொல்வாராம். பென்ஷன் வாங்கும் தாத்தாக்களே, கேட்கிறதா?

கடைசியாக ஒன்று. காலையில் நீங்கள் செல்போனில் தமிழில் 'காலை வணக்கம்' அனுப்புகிறீர்களே, அந்த எழுத்து கம்ப்யூட்டருக்குள் தானாக வரவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ல் தமிழுக்காக 'முரசு' என்ற மென்பொருளைச் செய்ய ஆரம்பித்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் விஞ்ஞானியாக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து கொடுத்தார், 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் 'மதுரைத் திட்ட'த்தைத் தொடங்கி வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி, தமிழுக்கு ஒரு பொது விசைப்பலகையை முடிவு செய்தது. இவர்களில் பலருக்குச் சோறு போட்டது வேறு வேலை. இது ராத்திரி வேலை, ஆசை வேலை, கிறுக்கு வேலை!

அதனால் அம்மாக்களே, இன்றைக்குச் சாயந்திரம் பிள்ளையின் ரூமுக்குள் போகும்போது 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'என்ன பண்றே, எனக்கும் காட்டு' என்று கேளுங்கள். பாதி புரியாது. பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருங்கள். முடிந்ததும் ஸ்கிரீனை அணைத்துவிட்டு இரண்டு பேருமாகச் சாப்பிட எழுந்து வாருங்கள்.

மிச்சமான அந்த நாலு ஸ்க்ரூவைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தேவைப்படும்!